வீட்டை ஒட்டி வளந்து நிக்கற கிறிஸ்துமஸ் மரம், துஜா, சைப்ரஸ்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

கோயமுத்தூர் மாவட்டம் சூலூர் பக்கம் நர்சரி வெச்சு 20 வருசத்துக்கு மேல ஆச்சுங்க. ஆரம்பத்துல எங்ககிட்ட எச்சா வித்தது ரெண்டே அயிட்டம்தான், சின்னத் தொட்டியில முழங்கால் உசர கிறிஸ்துமஸ் மரம், அப்புறம் கேட்டுக்கு ரெண்டு பக்கமும் ஜோடியா வெக்கற துஜா. புது வீடு கட்டி பால் காய்ச்சுன கையோட வந்து வாங்கிட்டுப் போவாங்க, தொட்டியில கொஞ்ச நாள் வெச்சுட்டு அப்புறம் போர்டிகோ பக்கத்துல மண்ணுல எறக்கிருவாங்க. இது எவ்வளவு உசரம் போகும்னு அன்னைக்கு நாங்களும் சொல்லல, அவங்களும் கேக்கல. சொல்லியிருக்கோணும். இப்ப அதே வீட்டுக்காரங்க ஃபோன்ல போட்டோ எடுத்துட்டு வந்து என்னங்க பண்றதுன்னு நிக்கறாங்க. அவங்க திரும்பத் திரும்ப கேக்கறதையும் நாங்க சொல்றதையும் இங்க ஒட்டுக்கா எழுதி வெச்சிருக்கறேன்.

எங்க வீட்டுல இருக்கறது என்ன மரம்னே தெரியலீங்க, எப்படிக் கண்டுபுடிக்கறது?

ஒரே தண்டு நேரா மேல போய், குடைக் கம்பியாட்டம் அடுக்கு அடுக்கா சுத்தியும் கொப்பு வந்திருந்தா அது அரக்கேரியா. நம்ம ஊர்ல எல்லாரும் கிறிஸ்துமஸ் மரம்ங்கறாங்க. இதுல ரெண்டு சாதி கலந்து விக்கறாங்க, ஒண்ணு நார்ஃபோக் தீவுப் பைன், இன்னொண்ணு குக் பைன். கேப்டன் குக் 1774ல நியூ கலிடோனியா போனப்ப பாத்த மரம்ங்கறதால அந்தப் பேரு. அதோட சொந்த ஊர்ல அது 60 மீட்டர் வரைக்கும் போகும், கிட்டத்தட்ட 200 அடி. தொட்டியில முழங்கால் உசரத்துல நின்னது அதோட கொழந்தைதாங்க.

எலை தட்டையா விசிறி மாதிரி நெட்டுக்குத்தா நின்னா துஜா. பொன் மஞ்சள் நெறத்துல கூம்பாட்டம் இருந்து, கசக்குனா எலுமிச்சம்பழ வாசம் அடிச்சா கோல்டன் சைப்ரஸ். சவுக்கையும் இந்தக் கூட்டத்துல சேத்துக் கேக்கறாங்க, ஆனா சவுக்கு பூக்கற சாதி, வேற குடும்பம். அந்த ஊசிய மெதுவா இழுத்துப் பாருங்க, கணு கணுவா கழண்டு வரும். பைனோட ஊசி அப்படி வராது.

செவுத்துல இருந்து எவ்வளவு தூரம் இருந்தா பரவால்ல?

மரம் முழுசா வளந்தா எவ்வளவு உசரமோ அவ்வளவு தூரம்ங்கறது என்னோட கணக்கு. நம்ம பக்கம் வீட்டு மனையின்னா பெரும்பாலும் அஞ்சு செண்ட்டு, அதாவது 2,178 சதுர அடி, நீளம் போனா ஒரு 55, 60 அடி. 60 அடி உசர மரத்தை அதுக்குள்ள எங்க வெச்சாலும் ஒண்ணு உங்க வீட்டு மேல படும், இல்லீன்னா பக்கத்து வீட்டு மேல படும். அதனால மண்ணுல வெக்கறதுக்கு முன்னாடி கேட்டா வேண்டாம்னே சொல்லிருவேன். வெச்சாச்சுன்னா மொதல்ல உசரத்தை அளங்க.

அளக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. காலையில ஒரு ஒம்போது மணிக்கு 5 அடி கோலை நட்டு அதோட நெழலை அளங்க, அதே நேரம் மரத்தோட நெழலையும் அளங்க. கோல் நெழல் 4 அடி, மர நெழல் 48 அடின்னா மரம் 60 அடி. அடிமரத்துல இருந்து செவுத்துக்கு எவ்வளவு, கரண்டு கம்பிக்கு எவ்வளவு, பக்கத்து வீட்டுக்கு எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. வெட்டற ஆளு வந்தாலும் எஞ்சினியர் வந்தாலும் மொதல்ல கேக்கறது அதைத்தான்.

மரம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதுங்க, விழுந்துருமா?

எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு மொதல்ல பாருங்க. குக் பைன் தெக்க பாத்து சாஞ்சிருந்தா அது பெரும்பாலும் அதோட சுபாவம். குக் பைனுக்குன்னே ஒரு குணம் இருக்குதுங்க, உலகத்துல எங்க வெச்சாலும் பூமத்திய ரேகை இருக்கற பக்கமா சாயும், நம்ம வடக்குப் பாதி பூமில தெக்க சாயும், ஆஸ்திரேலியா மாதிரி ஊர்ல வடக்க சாயும். 2017ல ஆராய்ச்சிக்காரங்க பல நாடுகள்ல 256 மரத்தை அளந்து சராசரி சாய்வு 8.55 டிகிரின்னு எழுதுனாங்க. 60 அடி மரத்துக்கு அந்தச் சாய்வுன்னா உச்சி அடிமரத்துல இருந்து ஒம்போது அடி தள்ளி நிக்குதுன்னு அர்த்தம். அப்ப உங்க வீடு மரத்துக்குத் தெக்குப் பக்கம் இருந்தா உச்சி ஏற்கனவே சன்ஷேடுக்கு மேல வந்து நிக்கும், வடக்குப் பக்கம் இருந்தா அந்த அளவுக்குப் பயமில்ல. வெக்கறப்ப இது யாருக்குத் தெரியும் சொல்லுங்க.

பயப்பட வேண்டிய சாய்வு வேற மாதிரி இருக்கும். போன வருசம் நேரா இருந்தது இந்த வருசம் சாஞ்சிருக்கறது, சாஞ்சதுக்கு எதிர்ப்பக்கம் மண்ணு மேடு தட்டி வெடிச்சிருக்கறது, அடியில நாய்க்குடை காளான் மொளச்சிருக்கறது, தட்டுனா பொக்குன்னு சத்தம் கேக்கறது, இதுல எது இருந்தாலும் நாள் கடத்தாதீங்க. சந்தேகமா இருந்தா ஒரே எடத்துல நின்னு, ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு அதோட சேத்து ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா போட்டோ எடுத்து வெச்சுப் பாருங்க, அசைஞ்சுதா இல்லையான்னு தெரிஞ்சு போகும்.

ஆடிக் காத்துக்கு நிக்குமா?

நம்ம ஊருக்குன்னு இருக்கற பிரச்சனை இதுதாங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்து வர்ற காத்து, பல்லடம், உடுமலை பக்கம் காத்தாடி மில்லெல்லாம் ஓட்டறதே அந்தக் காத்துதான், அது நேரா கெழக்க பாத்துத் தள்ளும். உங்க வீடு மரத்துக்குக் கெழக்க இருந்தா வருசா வருசம் ஆனி, ஆடி வர்றதுக்கு முன்னாடி மரத்தைப் பாத்துரோணும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில மண்ணு ஊறி இளகிருக்கும், அன்னைக்கு அடிக்கற காத்து சின்னக் காத்தா இருந்தாலும் வேரோட சாய்ச்சுரும்.

வேரைப் பத்தி ஒண்ணு சொல்லோணும். ரெண்டு வருசம் முன்னாடி இருகூர் பக்கம் ஒரு வீட்டுல விழுந்த மரத்தைப் பாக்கப் போயிருந்தேன். நல்லவேளை காம்பவுண்டு செவுரோட போச்சு. வேரை ஜேசிபி பெரட்டிப் போட்டிருந்தாங்க, மண்ணை ஓஸ்ல அடிச்சுக் கழுவிப் பாத்தா நடுவுல வேரு வட்டமா, ஒரு ஜாண் அகலத்துல, தொட்டி உருவத்துலயே சுத்திக்கிட்டு கெடந்துது. 18 வருசம் கழிச்சும் தொட்டி அச்சு அப்படியே இருக்குது. மண்ணுல எறக்கறப்ப அந்தச் சுத்துவேரை வெட்டி விரிச்சு விடாம அப்படியே தூக்கி வெச்சிருக்காங்க, சுத்துன வேரு தன்னையே இறுக்கிக்கிட்டு வெளிய பரவவே இல்ல. தொட்டியில ரொம்ப நாள் இருந்துட்டு மண்ணுக்குப் போன மரம் எல்லாத்துலயும் இந்தச் சந்தேகம் இருக்கோணும். அடிமரத்துல ஒரு பக்கம் தட்டையா, வேரே கெளம்பாத மாதிரி செவுராட்டம் மண்ணுக்குள்ள போச்சுன்னா அது ஒரு அடையாளம்.

உசரம்தானே பிரச்சனை, கொண்டையை மட்டும் பாதியோட வெட்டி விட்டா போதாதா?

பத்துக்கு எட்டுப் பேர் கேக்கறது இதுதான், செலவும் கம்மியாத் தெரியும். தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

வேம்பு, புங்கன் எல்லாம் வெட்டுன எடத்துல துளிர்த்து மறுபடி மரமாயிரும்ங்கற பழக்கத்துல இதையும் வெட்டறோம். இந்தச் சாதி அப்படி இல்லீங்க. துஜா, சைப்ரஸ் பழைய காய்ஞ்ச கட்டையில இருந்து துளிர்க்காது, பச்சை இருக்கற எடத்துக்குக் கீழ வெட்டுனா அந்த எடம் கடைசி வரைக்கும் மொட்டைதான். அரக்கேரியா துளிர்க்கும், ஆனா எப்படித் துளிர்க்கும்னா ஒரு உச்சி இருந்த எடத்துல மூணு நாலு உச்சி ஒண்ணா எந்திரிக்கும். ஒவ்வொண்ணும் தனி மரமாட்டம் நேரா மேல போகும், ஆனா அடியில ஒட்டிக்கிட்டு இருக்கறது வெறும் தோலோட. நடுவுல வெட்டுன வாய் ஆறாம மழைத்தண்ணி தேங்கி உள்ளுக்குள்ள மக்கும். பல்லடம் ரோட்டுல ஒரு வாடிக்கையாளர் வீட்டுல 35 அடியில கொண்டைய எடுத்தாங்க, ஏழு வருசத்துல அது மறுபடி பழைய உசரத்துக்கு வந்திருச்சு, இந்தத் தடவை மூணு கொண்டையோட. ஒரு ஆடியில ஒண்ணு பொளந்து மொட்டை மாடி தண்ணி டேங்க் மேல விழுந்துது. ஏறிப் பாத்தா ஒடஞ்ச எடம் காப்பித்தூளாட்டம் உதுருது.

முழுசா நல்லா இருக்கற மரத்தை விட பாதி வெட்டுன மரம்தான் ஆபத்து. வெச்சுக்கறதா இருந்தா உச்சியைத் தொடாம வெச்சுக்கோங்க, வேண்டாம்னா அடியோட எடுத்துருங்க.

அப்ப பக்கக் கொப்பும் கழிக்கக் கூடாதா?

கழிக்கலாம். கீழ் அடுக்குக் கொப்பு ஜன்னல்ல இடிக்குது, பாதைய அடைக்குதுன்னா தாராளமா எடுங்க. ஒரு தடவைக்கு மொத்தப் பச்சையில கால்வாசிக்கு மேல எடுக்காதீங்க. கொப்பு அடிமரத்தோட சேர்ற எடத்துல மோதிரமாட்டம் ஒரு வீக்கம் இருக்கும், அதை விட்டு வெளியதான் வெட்டோணும், அடிமரத்தோட ஒட்ட வழிச்சா காயம் மூடாது. கனமான கொப்புன்னா மொதல்ல அரை அடி தள்ளி அடிப்பக்கம் இருந்து கொஞ்சம் அறுத்துட்டு அப்புறம் மேல இருந்து அறுங்க, இல்லீன்னா கொப்பு விழறப்ப பட்டையை உரிச்சுக்கிட்டே எறங்கும்.

துஜாவை வெளிய வெளிய மட்டும் லேசா வருசம் ரெண்டு தடவை கத்திரிச்சுட்டே வந்திருந்தா அடக்கமா இருந்திருக்கும். பத்து வருசம் விட்டுட்டு ஒரே நாள்ல பாதியாக்கோணும்னா அது நடக்காது.

செவுத்துல வெடிப்பு வந்திருக்கு, மரந்தான் காரணமா?

இருக்கலாம், மண்ணைப் பொறுத்துதுங்க. செம்மண்ணு, சரளை மண்ணுன்னா மரத்தை அவ்வளவு சீக்கிரம் குத்தம் சொல்ல மாட்டேன். கரிசல் மண்ணா இருந்தா விசயமே வேற. கரிசல் ஈரத்துல ஊதும், காய்ஞ்சா சுருங்கும், வேசகாலத்துல காட்டுல கை நொழையற அளவுக்கு வெடிக்கறதை நாமளே பாத்திருக்கறோம். அஸ்திவாரத்துக்குப் பக்கத்துல ஒரு பெரிய மரம் நின்னு வேசகாலம் பூரா தண்ணிய உறிஞ்சுனா அந்த மூலையில மட்டும் மண்ணு எச்சா சுருங்கி அஸ்திவாரம் எறங்கும். வெடிப்பு ஜன்னல் மூலையில இருந்து கோணலா ஓடும், மேல அகலமா கீழ சன்னமா இருக்கும், சித்திரை வைகாசியில விரிஞ்சு மழை முடிஞ்சா கொஞ்சம் மூடும். பென்சில்ல ரெண்டு பக்கமும் கோடு போட்டு தேதி எழுதி ஒரு வருசம் அளந்து பாருங்க. சிமெண்ட்டு பூச்சுல மட்டும் மயிராட்டம் வந்திருக்கற வெடிப்புக்கு மரத்தைக் கொல்ல வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கரிசல்ல பெரிய மரத்தைத் திடீர்னு எடுத்துட்டா அத்தனை வருசம் காய்ஞ்சு கெடந்த மண்ணு மறுபடி ஈரம் குடிச்சு ஊதும், அப்ப தரை தூக்கி புது வெடிப்பு வரும். மரம் எடுத்த ஒடனே செவுத்தைப் பூசிப் பெயிண்ட் அடிக்காதீங்க, ரெண்டு மழைக்காலம் போகட்டும். மரத்துக்கு அப்புறம் கட்டுன வீடா, வீட்டுக்கு அப்புறம் வெச்ச மரமாங்கறதும் இதுல முக்கியம், மரம் மொதல்ல இருந்து வீடு பின்னால வந்திருந்தா ஒரு கட்டட எஞ்சினியரைக் கேக்காம கைய வெக்காதீங்க.

வேர் செப்டிக் டேங்குக்குள்ள போயிருமா?

நல்ல டேங்கை ஒடச்சுட்டுப் போகாது. வேருக்குக் கண்ணு கெடையாது, ஈரம் கசியற எடத்துல எச்சா வளரும் அவ்வளவுதான். பழைய சிமெண்ட்டு பைப்பு, மண்ணு பைப்பு இணைப்புல கசிவு இருந்தா மயிர் வேர் உள்ள போய் பஞ்சாட்டம் அடச்சுக்கும். பைப்பை மாத்துனா பெரும்பாலும் தீந்துரும். பெரும்பாலான வேரு மேலாக்க ரெண்டு மூணு அடி மண்ணுலயே கெடக்கும், கொப்பு பரவுன தூரத்தைத் தாண்டியும் போகும், அதனால பொடக்காலியில டைல்ஸ் தூக்குதுன்னா அது இந்த வேர்தான்.

மொட்டை மாடியில குப்பை தாங்க முடியல.

ஆமாங்க. அரக்கேரியா எலையா உதிர்க்காது, கயிறாட்டம் முழுக் கிளையா உதிர்க்கும், வெறுங்காலு வெச்சா குத்தும். மழைத்தண்ணி எறங்கற பைப்பு வாயில கம்பி வலை போடுங்க, ஐப்பசிக்கு முன்னாடி ஒருக்கா கூட்டி அள்ளுங்க. தண்ணி தேங்கி ஸ்லாப் ஒழுகறதுதான் நெசமான நட்டம்.

துஜா தீப்புடிக்கும்னு சொல்றாங்களே?

புடிக்கும், வெசையா புடிக்கும். வெளிய பச்சையா இருந்தாலும் உள்ள வெலக்கிப் பாத்தா பூரா காய்ஞ்ச எலை, அதுலயும் எண்ணெய்ச் சத்து. தீவாளி அன்னைக்கு ஒரு பொறி விழுந்தா போதும். கேஸ் சிலிண்டர் வெச்சிருக்கற எடம், சமையக்கட்டு ஜன்னல், இன்வெர்ட்டர், இதுக்குப் பக்கத்துல துஜா இருந்தா அதை எடுத்துருங்கன்னுதான் சொல்லுவேன். வெச்சுக்கறவங்க கையுறை மாட்டி உள்ள இருக்கற காய்ஞ்சதை உதுத்து வாருங்க, தீவாளிக்கு மொத நாள் ஓஸ்ல நல்லா நனைச்சு விடுங்க.

வெட்டறதுக்கு பர்மிஷன் வேணுமா?

மரம் உங்க பட்டா எடத்துல, சமவெளியில இருக்குதா, ரோட்டுப் பொறம்போக்குல இருக்குதா, மலையில இருக்குதாங்கறதைப் பொறுத்துது. காம்பவுண்டுக்கு வெளிய நிக்கற மரம் நீங்களே வெச்சு நீங்களே தண்ணி ஊத்தியிருந்தாலும் உங்களுது இல்ல, அரசாங்க எடத்து மரத்துக்கு கலெக்டர் தலைமையில மாவட்டப் பசுமைக் குழு இருக்கு, அது வழியாத்தான் போகோணும். ஏற்காடு, வால்பாறை மாதிரி மலையில வீடு வெச்சிருக்கறவங்க சொந்த எடமா இருந்தாலும் 1955ஆம் வருசத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கறதால அனுமதி வாங்காம தொடக் கூடாது. சமவெளியில உங்க காம்பவுண்டுக்குள்ளன்னாலும் வெட்டறதுக்கு முன்னாடி விஏஓகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா பின்னாடி பேச்சு வராது.

கரண்டு கம்பிய ஒட்டி இருந்தா மின்வாரியத்துல எழுதிக் குடுத்து லைனை நிறுத்தின பொறகுதான் ஆளை ஏத்தோணும். மின்னகம் நம்பர் 94987 94987.

பக்கத்து வீட்டு மரம் எங்க ஊட்டு மேல சாஞ்சிருக்கு, சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க.

மொதல்ல நேர்ல போய்ப் பேசுங்க, போட்டோவோட. செலவுல பாதி நான் தர்றேன்னு சொன்னதும் முடிஞ்ச பிரச்சனை நாங்க நெறைய பாத்திருக்கறோம். அப்பவும் கேக்கலீன்னா விழற நெலமையில இருக்கற மரத்தை எடுக்கச் சொல்லி உத்தரவு போட கோட்டாட்சியருக்கு அதிகாரம் இருக்கு. முன்னாடி சிஆர்பிசிங்கற குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 133ஆவது பிரிவு, 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ங்கற புதுச் சட்டத்துல 152. மனுவுல அளவு, போட்டோ, தேதி எல்லாம் வெச்சுக் குடுங்க. ராத்திரியில ஆளை விட்டு அவங்க மரத்துல வேரை வெட்டறது, அதை மட்டும் பண்ணாதீங்க, அது விழறப்ப உங்க பக்கம்தான் விழும்.

வெட்டற ஆளை எப்படிப் புடிக்கறது?

தென்னை ஏறறவரு வேற, இது வேற. வீட்டை ஒட்டி நிக்கற மரத்தை அடியில அறுத்துச் சாய்க்க முடியாது, மேல இருந்து துண்டு துண்டா அறுத்து கவுத்துல கட்டி எறக்கோணும். வர்றவருகிட்ட இடுப்பு பெல்ட்டு, ஹெல்மெட்டு, ரெண்டு கவுறு, கீழ புடிக்க ரெண்டு ஆளு இருக்குதான்னு பாருங்க. இல்லாம ஒத்தை அருவாளோட கம்மி ரேட்டு சொன்னா அனுப்பிருங்க, அவரு உசுரும் உங்க வீட்டு மேலதான் நிக்குது. கட்டையை அள்ளிட்டுப் போறது கூலியில சேருமா, ஓடு, சன்ஷேடு ஒடஞ்சா யாரு பொறுப்புங்கறதை முன்னாடியே எழுதிக்கோங்க. தை, மாசியில பண்ணுனா மண்ணும் காய்ஞ்சிருக்கும் காத்தும் இருக்காது. ஏறறதுக்கு மொத நாள் சாயங்காலம் நின்னு பாருங்க, காக்கா கூடு, அணில் கூடு குஞ்சோட இருந்தா ஒரு மாசம் தள்ளிப் போடுங்க. தேன் கூடு இருந்தா ஏறறவருகிட்ட கட்டாயம் சொல்லிருங்க.

ஆசிட் ஊத்தி, பெருங்காயம் வெச்சு பட்டுப்போக வெச்சுட்டா செலவு மிச்சமில்லையா?

பட்டுப்போன மரத்துல யாரும் ஏற மாட்டாங்க, கவுத்தைக் கட்டுனா கொப்பு முறியும். கடைசில க்ரேன்தான் வரோணும், மூணு மடங்கு செலவு. ஊத்துன ஆசிட் உங்க கெணத்துலயும் போருலயும் எறங்கும்.

அடிக்கட்டையை என்ன பண்றது?

வீட்டை ஒட்டி இருந்தா தோண்டி எடுத்துருங்க. உள்ள விட்டா கரையான் கட்டையில குடியேறி அங்கிருந்து வாசக்காலுக்கு வரும். முடியலீன்னா தரைக்கு அரை அடி கீழ அறுத்துட்டு மண்ணு மூடி, வருசம் ஒருக்கா கரையான் புத்து இருக்குதான்னு பாத்துக்கோங்க. கட்டை வெறகுக்கு ஆகாது, பிசின் கரி புடிக்கும். கடைசல் பட்டறை தெரிஞ்சிருந்தா குடுங்க, ஒரே வட்டத்துல கொப்பு கெளம்பறதால கிண்ணம் கடைஞ்சா கணுவெல்லாம் நட்சத்திரமாட்டம் தெரியும், ஹவாயில இதுல கிண்ணம் பண்றாங்க.

எங்கப்பா வெச்ச மரங்க, வெட்ட மனசு வரல. கிளையை ஒடச்சு வேற எடத்துல நட்டா வருமா?

இதையும் நெறையப் பேரு கேக்கறாங்க, கேக்கறப்ப கண்ணு கலங்கறவங்களும் இருக்காங்க. அரக்கேரியாவுல பக்கக் கொப்பை ஒடச்சு வெச்சா வேரு விட்டாலும் அது கொப்பாவேதான் இருக்கும், தரையோட படுத்துக்கிட்டு பக்கவாட்டுல நீண்டுட்டே போகும், எத்தனை வருசமானாலும் நிமிந்து மரமாகாது. நேரா மேல போற உச்சி நுனியில இருந்து எடுத்தாத்தான் நிமிந்து வரும்.

சோமனூர்ல இருந்து ஒரு அம்மிணி வந்தாங்க. அவங்கப்பா வெச்ச மரம், முன்னாடியே யாரோ கொண்டையை வெட்டி நாலு உச்சி கெளம்பிருந்துது, நடுவுல மக்கிப் போச்சு, எடுத்தே ஆகோணும். எடுக்கற அன்னைக்கு நாலு உச்சியோட நுனியையும் ஒரு ஜாண் நீளத்துக்கு ஈரச் சாக்குல சுத்திக் கொண்டு வந்தோம். ஆத்து மணலும் தேங்காய் நார்க் கழிவும் சரிபாதி கலந்து, வேர் மருந்துல தொட்டு வெச்சு, பாலிதீன் கவர் போட்டு பந்தல் நெழல்ல விட்டுட்டோம். மூணு கருகிப் போச்சு. ஒண்ணு மட்டும் அஞ்சு மாசம் கழிச்சு நுனியில எளம்பச்சையா ஒரு விரக்கடை புதுசா விட்டுது, இழுத்துப் பாத்தா வரல, புடிச்சுக்கிச்சு. அவங்ககிட்ட சொன்னது இதுதான்: இந்தத் தடவை மண்ணுல எறக்காதீங்க, பெரிய தொட்டியில வைங்க, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வெளிய எடுத்து சுத்துவேரைக் கத்திரிச்சு புது மண்ணு போடுங்க. போன மார்கழியில போட்டோ அனுப்பியிருந்தாங்க, முழங்கால் உசரத்துல நேரா நிக்குது.